அணு உலை ‘நிறுத்தம்’ என்றால் எது நிற்கிறது?

“கூடங்குளம் முதல் அணு உலையில் மின் உற்பத்தி நிறுத்தம். தொழில்நுட்பக் கோளாறு காரணம். 1,000 மெகாவாட் பாதிப்பு. ஓரிரு நாளில் மீண்டும் தொடங்கும்.”

அவ்வப்போது வரும் இந்த நாலு வரிச் செய்தியைப் படித்துவிட்டு ஒருவர் ‘ஏதோ ஆபத்து, மறைக்கிறார்கள்’ என்கிறார். இன்னொருவர் ‘அதான் நிறுத்திவிட்டார்களே, அப்புறம் என்ன’ என்கிறார். செய்தி இருவருக்குமே உதவவில்லை. ஏனென்றால் ஓர் அணுமின் நிலையத்தில் தனித்தனியாக நிற்கக்கூடியவை மூன்று: மின்சாரம் தரும் டர்பைன், உலைக்குள் நடக்கும் அணுப்பிளவு, உலையிலிருந்து வரும் வெப்பம். முதல் இரண்டையும் சில விநாடிகளில் நிறுத்தலாம். மூன்றாவதை நிறுத்த யாராலும் முடியாது. அதுவாகக் குறையும்வரை காத்திருக்க வேண்டும். சோவியத் யூனியனில் வெடித்த செர்னோபில் உலை நீங்கலாக, அணு உலை பற்றிய பெரிய கவலைகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, யுரேனியத்திலிருந்து மின்கம்பி வரையிலான பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது.

அடுப்பு மட்டும்தான் வேறு

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்துத் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். அந்த ஆவி டர்பைனின் இறக்கைகளைத் தள்ளுகிறது, டர்பைனோடு ஒரே தண்டில் பிணைந்த ஜெனரேட்டர் சுழல்கிறது, மின்சாரம் வருகிறது. கூடங்குளத்திலும் இதேதான். அங்கே டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும். விநாடிக்கு 50 சுற்று. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் என்பது அந்தச் சுழற்சிதான்.

ஆக, அணு உலை நேரடியாக மின்சாரம் தயாரிப்பதில்லை. அது வெந்நீர் வைக்கும் அடுப்பு. வித்தியாசம், அடுப்பில் போடுகிற பொருளின் அளவில் இருக்கிறது. 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்கு இந்திய நிலக்கரி 15,000 டன் அளவுக்கு வேண்டும். நாலு சரக்கு ரயில் நிறைய. அதே ஒரு நாளில் கூடங்குளத்தின் ஓர் உலைக்குள் பிளவுபடும் பொருளின் எடை சுமார் 3 கிலோ. சின்ன வீட்டு சமையல் எரிவாயு சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோவில் கால் பங்குகூட இல்லை.

உள்ளே என்ன எரிகிறது?

‘எரிகிறது’ என்பது பழக்கத்தில் சொல்வது. நெருப்போ புகையோ இல்லை, ஆக்சிஜனும் தேவையில்லை.

யுரேனியத்தை ஆக்சைடாக்கி, பீங்கான் போலச் சுட்டு, விரல் நுனி அளவில் வில்லைகளாகச் செய்கிறார்கள். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு ஜிர்கோனியக் கலப்புலோகக் குழாயில் அடுக்கி மூடினால் அது ஓர் எரிபொருள் கோல். இப்படி 311 கோல்கள் சேர்ந்தது ஒரு கட்டு. கூடங்குளம் உலை ஒன்றில் 163 கட்டுகள். மொத்தம் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கோல்கள், நடுநடுவே தண்ணீர் ஓடும்படி இடைவெளிவிட்டு நிற்கின்றன.

பூமியில் கிடைக்கும் யுரேனியத்தில் எளிதில் பிளவுபடக்கூடிய யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். கூடங்குளத்துக்கு ரஷ்யாவிலிருந்து வரும் எரிபொருளில் அதைச் செறிவூட்டி 4 சதவீதம் அளவுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அணுகுண்டுக்கு அது 90 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதனால் உலை குண்டு மாதிரி வெடிக்குமோ என்ற பயத்தை ஓரமாக வைத்துவிடலாம். இந்த எரிபொருளால் அது முடியாது. பயப்பட வேண்டிய விஷயம் வேறு, அதற்கு வருவோம்.

ஒரு நியூட்ரான் போய் யுரேனியம்-235இன் கருவில் சேர்ந்தால் கரு இரண்டு துண்டாகப் பிளக்கும். துண்டுகள் பெரும் வேகத்தில் சிதறி, பக்கத்து அணுக்களில் மோதி நிற்கின்றன. அந்த மோதல்தான் வெப்பம். கூடவே இரண்டு அல்லது மூன்று புது நியூட்ரான்கள் வெளியே வரும். அவற்றில் ஒன்று அடுத்த கருவைப் பிளந்தால், அதிலிருந்து வருவதில் ஒன்று அதற்கடுத்ததைப் பிளந்தால், அது தொடர்வினை.

இதில் ஒரு சிக்கல். பிறந்த நியூட்ரான் அசுர வேகத்தில் போகும். அந்த வேகத்தில் போனால் யுரேனியம்-235 அதைச் சரியாகப் பிடிக்காது. வேகத்தைக் குறைத்தாக வேண்டும். கோலி விளையாடியவர்களுக்கு இது தெரியும்: வேகமாக வரும் கோலி, சம எடையுள்ள இன்னொரு கோலியை நேராக அடித்தால், அடித்தது அங்கேயே நின்றுவிடும், அடிபட்டது ஓடும். பாறாங்கல்லில் அடித்தால் அதே வேகத்தில் திரும்பி வரும். நியூட்ரானுக்குச் சம எடையுள்ள கோலி ஹைட்ரஜன் கரு. ஹைட்ரஜன் நிறைய இருக்கும் மலிவான பொருள் தண்ணீர். இப்படி வேகம் குறைக்கும் பொருளைத் தணிப்பான் என்கிறார்கள்.

கல்பாக்கத்தில் உள்ள இரண்டு 220 மெகாவாட் உலைகளில் இதற்குக் கனநீர் (எடை கூடிய ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர்) பயன்படுகிறது. சாதாரணத் தண்ணீர் நியூட்ரான்களைக் கொஞ்சம் விழுங்கியும் விடும். கனநீர் அப்படி விழுங்குவது மிகக் குறைவு. அதனால் செறிவூட்டாத யுரேனியத்தைக் கொண்டே அங்கே உலையை ஓட்ட முடிகிறது.

கூடங்குளத்தில் தண்ணீருக்கு இரண்டு வேலை: வெப்பத்தை எடுத்துப் போவது ஒன்று, நியூட்ரானின் வேகத்தைக் குறைப்பது இன்னொன்று. தண்ணீர் வற்றினாலோ குமிழியாகக் கொதித்தாலோ தணிப்பானும் போய்விடும்; பிளவு தானாகவே படுத்துவிடும். 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்த செர்னோபில் உலையில் கதை தலைகீழ். அங்கே தணிப்பான் கிராஃபைட். தண்ணீர் வெப்பத்தை எடுத்ததோடு நியூட்ரான்களை விழுங்கும் வேலையையும் பார்த்தது. அது ஆவியானபோது பிளவு குறைவதற்குப் பதில் எகிறியது. இரண்டும் ரஷ்யத் தொழில்நுட்பம்தானே என்று ஒன்றாகப் பேசுகிறவர்கள் இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

‘கிரிட்டிகல்’ என்ற பயமுறுத்தும் சொல்

ஆஸ்பத்திரியில் ‘கிரிட்டிகல்’ என்றால் உறவினர்களுக்குச் சொல்லியனுப்புவார்கள். அணு உலையில் அதே சொல்லுக்கு இனிப்புக் கொடுப்பார்கள். ஒரு பிளவிலிருந்து வரும் நியூட்ரான்களில் சராசரியாகச் சரியாக ஒன்று அடுத்த பிளவை உண்டாக்கினால் உலை கிரிட்டிகல் நிலையில் இருக்கிறது. கூடாமல் குறையாமல் நிதானமாக ஓடுகிறது என்று பொருள். ஒன்றுக்குக் கீழே போனால் அணையும், மேலே போனால் வளரும்.

கூடங்குளம் முதல் உலை இந்த நிலையை 2013 ஜூலை 13 அன்று எட்டியது. மின்தொடருடன் (கிரிட்) இணைந்தது அக்டோபர் 22. வணிக உற்பத்தி தொடங்கியதாக அறிவித்தது 2014 டிசம்பர் 31. கிரிட்டிகல் என்றால் அடுப்பைப் பற்றவைத்தாயிற்று என்பது மட்டும்தான். சோறு வேக நாளாகும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழ வேண்டும். நியூட்ரான் பிறந்து அடுத்த பிளவை உண்டாக்குவது கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பலமடங்கு சீக்கிரம் நடக்கிறது. பத்தாயிரத்தில் ஒரு விநாடி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆயிரத்துக்கு ஒன்று வீதம் நியூட்ரான் கூடினால், ஒரே விநாடியில் திறன் இருபதாயிரம் மடங்கைத் தாண்டிவிடும். எந்த மோட்டாராலும் அந்த வேகத்தில், நியூட்ரானை விழுங்கிப் பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுக் கோலை இறக்க முடியாது. பிறகு எப்படி மனிதர்கள் உட்கார்ந்து இதை ஓட்டுகிறார்கள்?

பதில், தாமதமாக வரும் ஒரு சிறு கூட்டத்தில் இருக்கிறது. நியூட்ரான்களில் ஆயிரத்துக்கு ஆறோ ஏழோ, பிளவு நடந்த உடனே வருவதில்லை. பிளந்த துண்டுகள் சிதையும்போது, சில விநாடி கழித்து, சிலது ஒரு நிமிடம் கழித்து வருகின்றன. இந்தத் தாமத நியூட்ரான்களும் சேர்ந்தால்தான் கணக்கு ஒன்றைத் தொடும்படி உலையை வைத்திருக்கிறார்கள். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தாலும் கடைசி ஆள் வரும்வரை இலை போடாமல் இருப்பது போல, மொத்த உலையும் அந்தத் தாமதக்காரர்களுக்காகக் காத்திருக்கிறது. அப்போது அதே ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினாலும், திறன் இரண்டு மடங்காக அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். கோலை இறக்க அது போதுமான அவகாசம். இயற்கை இந்தச் சலுகையைத் தராமல் போயிருந்தால் அணுமின்சாரம் என்ற ஒன்றே இருந்திருக்காது.

கட்டுப்படுத்தும் கருவிகள் இரண்டு. நியூட்ரான் விழுங்கும் கட்டுப்பாட்டுக் கோல்கள் ஒன்று. இவை மேலே மின்காந்தப் பிடியில் இருக்கும், மின்சாரம் போனால் சொந்த எடையில் விழுந்துவிடும். தண்ணீரில் கரைத்திருக்கும் போரிக் அமிலம் மற்றொன்று; அதுவும் நியூட்ரானை விழுங்கும். எரிபொருள் புதிதாக இருக்கும்போது அமிலம் அதிகம் இருக்கும். நாள் ஆக ஆக, எரிபொருளின் வீரியம் குறையக் குறைய, அதையும் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

மூன்று தண்ணீர், மூன்றும் கலக்காது

1. முதல் சுற்று: உலை வழியே ஓடும் தண்ணீர். உள்ளே வரும்போது 291 டிகிரி, வெளியேறும்போது 321 டிகிரி செல்சியஸ். ஆனாலும் கொதிக்காது, காரணம் அழுத்தம். வீட்டு பிரஷர் குக்கரில் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு; அதற்கே தண்ணீர் 120 டிகிரிவரை கொதிக்காமல் நிற்கிறது. கூடங்குளத்தில் ஏறக்குறைய 155 மடங்கு. இந்தத் தண்ணீரில் கதிரியக்கம் உண்டு, அதனால் இது கட்டடத்தைவிட்டு வெளியே போகாது.

2. இரண்டாம் சுற்று: முதல் சுற்றின் வெந்நீர், படுக்கை வாட்டில் கிடக்கும் நான்கு பெரிய நீராவிக் கலன்களுக்குப் போகிறது. ஒவ்வொரு கலனிலும் பதினோராயிரம் அளவுக்கு மெல்லிய குழாய்கள். குழாய்க்குள் உலைத் தண்ணீர், வெளியே வேறு தண்ணீர். வெளியே உள்ளது கொதித்து ஆவியாகி டர்பைனுக்குப் போகிறது. வெப்பம் மட்டும் சுவரைத் தாண்டும், தண்ணீர் தாண்டாது.

3. மூன்றாவது கடல்நீர்: டர்பைனைச் சுழற்றிய ஆவியைக் குளிர்வித்துத் திரும்பத் தண்ணீராக்குவதற்கு.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உலை தருவது 3,000 மெகாவாட் வெப்பம். மின்சாரமாவது 1,000. மீதி 2,000 மெகாவாட் கடலுக்குப் போகிறது. இது யாருடைய கவனக்குறைவும் கிடையாது. இந்த வெப்பநிலையில் ஆவியை வைத்து மூன்றில் ஒரு பங்கைப் பிடிப்பதே நடைமுறையில் கிடைப்பது. கடல்நீரின் வெப்பம் 7 டிகிரிக்கு மேல் கூடாமல் இதை வெளியேற்ற வேண்டும் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள், விநாடிக்கு 70 டன் கடல்நீர் வேண்டும். அணுமின் நிலையங்கள் கடற்கரையைத் தேடி வருவதற்கும், அங்கே ஏற்கெனவே இருக்கும் மீனவர்களோடு உரசுவதற்கும் அடிப்படை இந்த எண்தான்.

சரி, ‘நிறுத்தம்’ எந்த வகை?

1. டர்பைன் நிறுத்தம். டர்பைன், ஜெனரேட்டர், மின்மாற்றி, மின்தொடர் என எதிலாவது கோளாறு. வீட்டில் எம்சிபி விழுவது மாதிரி டர்பைன் ‘டிரிப்’ ஆகும். வரும் ஆவியை டர்பைனைச் சுற்றி நேராகக் குளிர்விக்கும் கலனுக்குத் திருப்பிவிடுவார்கள். உலையின் திறனைக் குறைப்பார்கள், ஆனால் உலை ஓடிக்கொண்டே இருக்கலாம். செய்தியில் மட்டும் ‘அணு உலை நிறுத்தம்’ என்று வரும்.

2. உலை நிறுத்தம். ஏதாவது ஓர் அளவு வரம்பைத் தாண்டியதும், தானாகவோ ஊழியர் பொத்தானை அழுத்தியோ கட்டுப்பாட்டுக் கோல்கள் எல்லாம் விழும். சில விநாடிகளில் தொடர்வினை முடிந்தது.

3. திட்டமிட்ட நிறுத்தம். எரிபொருள் மாற்றவும் பராமரிப்புக்கும். ஒவ்வொரு முறையும் கட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெளியே எடுத்துப் புதியதை வைப்பார்கள். ஆரம்பத்தில் ஆண்டுக்கொரு முறை என்று இருந்தது. 2022 முதல் வரத் தொடங்கிய புதுவகை எரிபொருள் 18 மாதச் சுழற்சிக்கு ஏற்றது. இதற்கு வாரக்கணக்கில் ஆகும், முன்கூட்டியே தெரியும்.

‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று ஒற்றைச் சொல்லில் அறிக்கை கொடுப்பதைவிட, இந்த மூன்றில் எது என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் பாதி வதந்தி அன்றே அடங்கிவிடும்.

தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாத தணல்

இப்போது அந்த மூன்றாவது விஷயம். விறகை வெளியே இழுத்துப் போட்ட பிறகும் அடுப்பில் தணல் கனன்றுகொண்டிருக்கும். அணு உலையிலும் தணல் உண்டு: பிளந்த துண்டுகள். அவை நிலையற்றவை, தொடர்ந்து சிதைந்து வெப்பம் விட்டுக்கொண்டே இருக்கும். விறகுத் தணலில் தண்ணீர் தெளித்தால் அணையும். இதில் எவ்வளவு ஊற்றினாலும் அப்போதைய வெப்பம் போகுமே தவிர, உற்பத்தி நிற்காது.

அளவு எவ்வளவு? 3,000 மெகாவாட் உலையை நிறுத்திய அந்தக் கணத்தில் 6 முதல் 7 சதவீதம், அதாவது 200 மெகாவாட் வெப்பம் மிச்சம் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து 40 சொச்சம். ஒரு நாள் கழித்து 15 மெகாவாட்டை ஒட்டி. அந்த 15 மெகாவாட், வேறு வழியில் வெப்பத்தை எடுக்காவிட்டால், மணிக்கு இருபது டன் தண்ணீரை ஆவியாக்கிவிடும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மணிக்கு இரண்டு வந்து ஊற்ற வேண்டிய கணக்கு, அதுவும் உலை ‘நின்று’ ஒரு நாள் ஆன பிறகு.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நடந்தது இதுதான். நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் ஒழுங்காக நின்றன. வெளி மின்சாரம் போனது, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்து அவற்றை மூழ்கடித்தது. பம்பு நின்றது, தண்ணீர் கொதித்து வற்றியது, எரிபொருள் உருகியது. சூடேறிய ஜிர்கோனியம் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விட்டது. கட்டடங்களைப் பிய்த்தெறிந்தது அந்த ஹைட்ரஜன். நின்றுபோன உலைகளில் நேர்ந்த விபத்து அது.

அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 2004 டிசம்பர் 26 அன்று, கல்பாக்கத்துக்கு இந்தப் பரீட்சை வந்தது. முதல் உலை பராமரிப்பில் இருந்தது, இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. பம்பு அறைக்குள் கடல் புகுந்து கடல்நீர் பம்புகள் மூழ்கின. உலையை நிறுத்தினார்கள். மின்சாரம் கைவசம் இருந்தது, வெப்பத்தை எடுக்க மாற்று வழியும் இருந்தது. அடுத்த சில நாட்களில் உலை திரும்ப ஓடியது. ஃபுகுஷிமாவுக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி, மின்சாரம் மிஞ்சியதா இல்லையா என்பதுதான்.

கூடங்குளத்தின் வடிவமைப்பில் மின்சாரமே இல்லாமல் இந்த வெப்பத்தை எடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. நீராவிக் கலனிலிருந்து ஆவி மேலே போகும். கட்டடத்துக்கு வெளியே வெறும் காற்று பட்டுக் குளிர்ந்து தண்ணீராகும். சொந்த எடையில் கீழே திரும்பும். பம்பு கிடையாது. அதுவும் பொய்த்து எரிபொருள் உருகினால் பிடித்துக்கொள்ள உலைக்கு அடியில் ஒரு கொப்பரை, ஹைட்ரஜனைச் சேரவிடாமல் தண்ணீராக மாற்றும் பெட்டிகள், உலையை மூடி நிற்கும் இரட்டைச் சுவர்க் கவிகை எல்லாம் உண்டு. இவை ஃபுகுஷிமாவுக்குப் பிறகு சேர்த்த ஒட்டுவேலை கிடையாது, முதலிலிருந்தே வரைபடத்தில் இருந்தவை. வரைபடத்தில் இருப்பதும் வருடக்கணக்கில் பராமரித்து வைத்திருப்பதும் வேறுவேறு என்று ஒருவர் சொன்னால், அதுவும் நியாயமான பேச்சுதான்.

திரும்ப ஓட்ட ஏன் இவ்வளவு நேரம்?

பழுதைச் சரிசெய்வது ஒரு பக்கம். இன்னொரு காரணம் செனான்-135 என்ற வாயு. நியூட்ரானை விழுங்குவதில் அது யுரேனியம்-235ஐவிட ஆயிரக்கணக்கான மடங்கு பேராசை பிடித்தது. உலை ஓடும்போது அது உண்டாக உண்டாக நியூட்ரானை விழுங்கித் தீர்ந்துகொண்டே இருக்கும். உலை நின்றதும் தீர்க்க நியூட்ரான் இல்லை. ஆனால் பிளவில் உண்டாகி ஏற்கெனவே சேர்ந்திருக்கும் அயோடின்-135 சிதைந்து புதுச் செனானைத் தந்துகொண்டே இருக்கும். பத்து மணி நேரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லக் குறையும். எரிபொருள் புதிதாக இருந்தால் போரிக் அமிலத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். சுழற்சியின் கடைசியில் என்றால் ஒரு நாள், சிலசமயம் அதற்கு மேலும், பேசாமல் காத்திருக்க வேண்டியதுதான். செர்னோபிலில் அன்றிரவு இந்தச் செனானோடு மல்லுக்கட்டி, கோல்களை அளவுக்கு மேல் வெளியே இழுத்ததும் விபத்துக்கு ஒரு காரணம்.

குளத்தில் கிடப்பவை

எரிபொருள் மாற்றும்போது வெளியே எடுக்கும் கட்டுகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட முடியாது. தணல் ஆறவில்லை. உலைக்கு அருகிலேயே ஆழமான நீர்த்தொட்டியில் வருடக்கணக்கில் மூழ்கவைக்கிறார்கள். தண்ணீர் வெப்பத்தையும் எடுக்கிறது, கதிர்வீச்சையும் தடுக்கிறது. அந்தத் தொட்டிக்கும் பம்பு ஓட வேண்டும், உலை ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

தொட்டியில் இடம் அளவானது. அதனால் உலைகளுக்கு வெளியே, அதே வளாகத்தில், தனிச் சேமிப்பகம் கட்ட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தில் நடந்த கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கில் எழுந்த விஷயம். 2018இல் உச்ச நீதிமன்றம் இதற்கான கெடுவை 2022 ஏப்ரல் வரை நீட்டித்தது. 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்பு, எதிர்ப்பு கிளம்பியதால் தள்ளிப்போடப்பட்டது. அங்கே இருந்து எரிபொருள் கடைசியில் எங்கே போகும் என்பதுதான் அந்த ஊர்க்காரர்கள் கேட்ட கேள்வி.